மறுநிறுவல் நாளில் தண்டர்பேர்டு: ஒரு மதிப்புரை

மின்னஞ்சல் மென்பொருளை மதிப்பிட்டு எழுதுகிறவர்கள் அதன் முகப்பையும், தேடலின் வேகத்தையும், குப்பை அஞ்சலைப் பிரித்தெடுக்கும் திறனையும் அளந்து பார்ப்பார்கள். கணினியை முழுவதுமாகத் துடைத்துவிட்டு இயங்குதளத்தை மறுபடியும் நிறுவ நேர்கிற நாளில் அந்த மென்பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி அந்த மதிப்புரைகளில் அரிதாகவே வருகிறது. எனக்கு அந்த ஒரு கேள்விதான் மற்றவற்றை விடப் பெரியதாகத் தோன்றுகிறது. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளை அந்தக் கேள்வியைக் கொண்டே இங்கே மதிப்பிடுகிறேன். அதற்குக் காரணம் ஒரு பழைய இழப்பு.

பல ஆண்டுகளுக்கு முன், வைரஸ் புகுந்து நின்றுபோன கணினியைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து இயங்குதளத்தை மறுபடி நிறுவச் சொன்னேன். "டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் எடுத்து வெச்சுட்டேன் சார், ஒண்ணும் போகாது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அப்போது நான் பயன்படுத்திய அஞ்சல் மென்பொருள் தன் கோப்புகளை அந்த இரண்டு இடங்களிலும் வைக்காமல், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறைவுக் கோப்புறைக்குள் வைத்திருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆறு ஆண்டுகளில் வந்தவையும் நான் அனுப்பியவையும் ஒரே பிற்பகலில் போயின. அன்றிலிருந்து ஒரு மென்பொருளுக்குள் அஞ்சலை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு முன்னதாக, அதை எப்படி வெளியே எடுப்பது என்பதைப் பார்த்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததையொட்டி, என் இரண்டு கணினிகளையும் துடைத்து, ஒன்றில் விண்டோஸ் 11, இன்னொன்றில் லினக்ஸ் என நிறுவினேன். இரண்டுக்கும் என் அஞ்சலை, ஏறத்தாழ 14 ஜிபி அளவுக்கு, தண்டர்பேர்டு வழியாகவே கொண்டுசென்றேன். இந்த மதிப்புரை அந்த இரண்டு இடமாற்றங்களின் அடிப்படையில் எழுதப்பட்டது. ஆகவே தண்டர்பேர்டின் மற்ற அழகுகளையும் குறைகளையும் இதில் நான் தொடப்போவதில்லை.

மென்பொருளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தண்டர்பேர்டின் முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. 2012-இல், அதை உருவாக்கிய மொசில்லா (ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் அமைப்பு) அதன் மீதான முனைப்பைக் குறைத்துக்கொண்டபோது இனி இது தேய்ந்துவிடும் என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் 2020-இல் அதற்கென்றே மொசில்லா அறக்கட்டளையின் கீழ் ஒரு துணை நிறுவனம் அமைக்கப்பட்டு, பயனர்களின் நன்கொடையால் அது மறுபடி எழுந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஒன்றுபோல ஓடுகிறது, கட்டணம் கிடையாது, மூலநிரல் திறந்திருக்கிறது. இருபது ஆண்டுகளாக அஞ்சலைச் சேமிக்கும் அடிப்படை வடிவத்தை இது பெரிதாக மாற்றவில்லை என்பதுதான் நமக்கு இங்கே முக்கியம்.

காப்பு நகல் எடுப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அஞ்சல் எல்லாம் சர்வரில்தானே இருக்கிறது, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பார். பாதி உண்மை. உங்கள் கணக்கு ஐமேப் முறையில் இணைக்கப்பட்டிருந்தால் அஞ்சலின் மூலப் பிரதி சர்வரில் இருக்கும். கணினியில் இருப்பது அதன் நிழல். இயங்குதளத்தை மாற்றியபின் கணக்கை மறுபடி இணைத்தால் போதும், எல்லாம் தானாக இறங்கிவிடும். பாப் முறை அப்படிப்பட்டதன்று. பாப்3 நெறிமுறையின் 1996-ஆம் ஆண்டு வரையறை, அஞ்சலை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து நீக்கிவிடுவதையே இயல்பான பயன்பாடாகக் கருதியது. ஆகவே பாப் கணக்கு வைத்திருப்பவருக்கு அவருடைய வன்தட்டில் இருப்பதே ஒரே பிரதியாக இருக்கக்கூடும். நகலைச் சர்வரில் விட்டுவைக்கும்படி அமைத்திருந்தாலும் அதற்குப் பெரும்பாலும் ஒரு நாள்வரம்பு இருக்கும். அனுப்பிய அஞ்சல்களின் நகலையோ பாப் முறை சர்வரில் சேமிப்பதில்லை. அவை கணினியோடு பிறந்து கணினியோடு அழிகின்றன.

ஐமேப் வைத்திருப்பவர்களும் முழுக்க நிம்மதியாக இருந்துவிட முடியாது. சர்வரில் இடம் நிறைந்துவிட்டதென்று பழைய அஞ்சல்களை "உள்ளகக் கோப்புறைகள்" என்ற பகுதிக்கு இழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். அப்படி இழுத்துப் போட்ட அந்த நொடியிலேயே அவை சர்வரை விட்டு நீங்கிவிடுகின்றன. அவற்றின் கதி பாப் அஞ்சலின் கதிதான். நான் இடமாற்றம் செய்த 14 ஜிபியில் 9 ஜிபிக்கு மேல் இப்படிப்பட்டவை. மறுநிறுவலுக்கு முன் ஒவ்வொருவரும் தன் மென்பொருளின் இடப்பக்கப் பட்டியலைத் திறந்து, எந்தக் கோப்புறை எந்தக் கணக்கின் கீழ் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பிறகு மீட்பு மென்பொருள்களைத் தேடி அலைகிறார்கள்.

இனி தண்டர்பேர்டின் பெருஞ்சிறப்புக்கு வருவோம். கணக்குகளின் அமைப்பு, அஞ்சல்கள், முகவரிப் புத்தகம், வடிகட்டி விதிகள், நாட்காட்டி, கடவுச்சொற்கள், நீட்சிகள் என அத்தனையையும் அது "புரொஃபைல்" என்று அழைக்கப்படும் ஒரே ஒரு கோப்புறைக்குள் வைத்திருக்கிறது. அந்தக் கோப்புறை பத்திரமாக இருந்தால் எல்லாம் பத்திரம். அதன் உள்ளே நுழைந்து பார்ப்பதும் கடினமில்லை. "மெயில்" என்ற உட்கோப்புறையில் பாப் அஞ்சல்களும் உள்ளகக் கோப்புறைகளும் இருக்கின்றன. "ஐமேப்மெயில்" என்பதில் சர்வர் அஞ்சல்களின் கணினிப் பிரதி இருக்கிறது. "இன்பாக்ஸ்", "சென்ட்" என்று பின்னொட்டு ஏதும் இல்லாமல் நிற்கும் கோப்புகள்தான் உண்மையான அஞ்சல். அவற்றின் பக்கத்திலேயே "எம்எஸ்எஃப்" என்ற பின்னொட்டுடன் நிற்பவை வெறும் அட்டவணைகள். அவை கெட்டாலும் மென்பொருள் தானே புதிதாக எழுதிக்கொள்ளும்.

பின்னொட்டு இல்லாத அந்தக் கோப்புகள் எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் அமைந்தவை. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து வடிவம் அது: ஒரு கோப்புறையின் அத்தனை அஞ்சல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே உரைக்கோப்பில் எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் "ஃப்ரம்" என்ற சொல்லுடன் ஒரு வரி நிற்கும். நோட்பேடு போன்ற எளிய உரைத்தொகுப்பானில் திறந்தாலும் தலைப்புகளைப் படிக்கலாம். நாளைக்கே தண்டர்பேர்டு உலகத்திலிருந்து மறைந்துபோனாலும் இந்தக் கோப்பைப் படிக்கக்கூடிய வேறு மென்பொருள்கள் இருக்கும் என்பதே இதை நான் நம்புவதற்குக் காரணம். அழகில் ஒன்றும் சிறந்ததில்லை, ஒரே கோப்பில் பல ஜிபி சேர்வது பாதுகாப்பும் இல்லை. ஆனாலும் இருபதாண்டு அஞ்சலை ஒப்படைக்க இதைவிடத் திறந்த பெட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

குறை என்னவென்றால், அந்தப் பெட்டியை வைத்திருக்கும் இடம். விண்டோஸில் அது பயனர் கோப்புறைக்குள் "ஆப்டேட்டா", அதற்குள் "ரோமிங்", அதற்குள் "தண்டர்பேர்டு", அதற்குள் "புரொஃபைல்ஸ்" என்று நான்கு படி உள்ளே போய், எட்டு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு பெயருடன் கிடக்கிறது. இதில் ஆப்டேட்டா என்பது இயல்பாகவே மறைத்துவைக்கப்பட்ட கோப்புறை. நான் முன்பு இழந்ததும் இதே போன்ற இடத்தில்தான். பழுதுபார்ப்பவரிடம் கணினியைக் கொடுக்கும்போது "என் அஞ்சலையும் எடுத்துவையுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. கோப்புறையின் பெயரையும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்லவேளையாக, மென்பொருளுக்குள்ளேயே உதவிப் பட்டியலில் "சிக்கல் தீர்க்கும் தகவல்" என்ற பொருளில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் புரொஃபைல் கோப்புறையைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் இந்த நான்கு படிகளையும் நாம் இறங்க வேண்டியதில்லை. மேக்கில் பயனரின் "லைப்ரரி" கோப்புறைக்குள் இருக்கிறது. லினக்ஸில் பயனர் கோப்புறையிலேயே புள்ளியில் தொடங்கும் "தண்டர்பேர்டு" என்ற பெயரில் இருக்கிறது. புள்ளியில் தொடங்குவதால் அங்கும் அது மறைவுதான்.

லினக்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், 24.04 பதிப்பு முதல் தண்டர்பேர்டு ஸ்னாப் என்ற நிறுவல் பொதியாக வருகிறது. அது தன் புரொஃபைலைப் பயனர் கோப்புறையின் "ஸ்னாப்" என்ற பகுதிக்குள் வைத்துக்கொள்கிறது. ஃபிளாட்பேக் என்ற இன்னொரு வகைப் பொதியாக நிறுவினால் இடம் வேறு. பழைய இடத்திலிருந்து எடுத்த கோப்புறையைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, மென்பொருள் வெறுமையாகத் திறக்கிறதே என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எங்கே நிறுவியிருந்தாலும் மேலே சொன்ன உதவிப் பக்கம் உண்மையான இடத்தைக் காட்டிவிடும். ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு அதைக் கேட்பதே முறை.

2022-இல் வந்த 102-ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்டில் ஏற்றுமதிக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. கருவிகள் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் புரொஃபைலையும் ஒரு ஜிப் கோப்பாகச் சுருட்டிக் கொடுக்கிறது. புதிய கணினியில் இறக்குமதி செய்தால் விரித்துக்கொள்கிறது. புதியவர் ஒருவருக்கு மறைவுக் கோப்புறைகளைப் பற்றிப் பாடம் நடத்தாமல் வேலையை முடிக்க இது நல்ல வழி. ஆனால் புரொஃபைல் 2 ஜிபிக்கு மேல் இருந்தால் நீங்களே நகலெடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த வசதியே சொல்லிவிடுகிறது. இணைப்புகளோடு வரும் இன்றைய அஞ்சலுக்கு 2 ஜிபி என்பது ஓரிரு ஆண்டு இருப்புதான். யாருக்குக் காப்பு நகல் மிகவும் தேவையோ, பல்லாண்டு அஞ்சலைச் சேர்த்து வைத்திருக்கும் அந்தப் பயனரையே இந்த வசதி வாசலில் நிறுத்திவிடுகிறது. இவ்வளவு நல்ல சேமிப்பு வடிவத்தை வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ஏற்றுமதிக் கருவியைச் செய்யாமல் விட்டிருப்பதை என்னால் பாராட்ட முடியவில்லை.

கையால் நகலெடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, மென்பொருளை முழுமையாக மூடிவிட வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது தரவுத்தளக் கோப்புகள் பாதி எழுதப்பட்ட நிலையில் இருக்கும். அந்த நிலையில் எடுத்த நகல் திறக்கும்போதுதான் தன் குறையைக் காட்டும், அப்போது மூலம் இருக்காது. இரண்டாவது, எந்தத் தட்டில் நகலெடுக்கிறோம் என்பது. பென் டிரைவுகளில் பல இன்றும் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் வருகின்றன. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவில் 60 ஜிபி காலியாக இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று கணினி மறுத்தால் காரணம் இதுவே. எம்பாக்ஸ் வடிவத்தில் ஒரு கோப்புறை முழுவதும் ஒரே கோப்பு என்பதால், பெரிய இன்பாக்ஸ் இந்த எல்லையில் எளிதாக மோதும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள வெளித்தட்டைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, சுருக்குதல். தண்டர்பேர்டில் ஓர் அஞ்சலை அழித்தால் அது எம்பாக்ஸ் கோப்பிலிருந்து உடனே போய்விடுவதில்லை. அழிக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டு அங்கேயே கிடக்கும். "சுருக்கு" என்ற கட்டளையைக் கொடுக்கும்போதுதான் கோப்பு புதிதாக எழுதப்பட்டு இடம் விடுபடும். நகலெடுப்பதற்கு முன் சுருக்கிவிடுங்கள் என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். நான் மாறுபடுகிறேன். முழு அஞ்சலையும் மறுபடி எழுதுகிற ஒரு வேலையை, வேறு பிரதி எதுவும் கையில் இல்லாத நாளில், அதிலும் தடுமாறிக்கொண்டிருக்கும் பழைய இயங்குதளத்தின் மீது செய்வது வீண் துணிச்சல். முதலில் உள்ளது உள்ளபடி நகலெடுங்கள்; இடம் வீணானால் ஆகட்டும். புதிய கணினியில் எல்லாம் சரியாக வந்தபின் நிதானமாகச் சுருக்கிக்கொள்ளலாம். விட்டுவிடக்கூடிய கோப்பு ஒன்று உண்டு: "குளோபல் மெசேஜஸ்" என்று தொடங்கும் தேடல் தரவுத்தளம். அது சில ஜிபி வரைக்கும் வளர்ந்துவிடும், ஆனால் இல்லாவிட்டாலும் மென்பொருள் புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

நகல் முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதோடு நிற்காமல், நகலெடுத்த தட்டை வேறொரு கணினியில் செருகி, அங்கே தண்டர்பேர்டை நிறுவி, அந்த நகலைக் கொண்டே திறந்து, இணையத் தொடர்பைத் துண்டித்த நிலையில் 2009-ஆம் ஆண்டு அஞ்சல் ஒன்றின் இணைப்பைத் திறந்து பார்த்தேன். இணையத்தைத் துண்டிப்பதற்குக் காரணம் உண்டு. ஐமேப் கணக்கில் தலைப்புகள் மட்டும் கணினியில் இருந்து, அஞ்சலின் உடல் சர்வரிலிருந்து அவ்வப்போது இறங்குவது போன்ற அமைப்பும் சாத்தியம்; இணையம் இருக்கும்போது எல்லாம் இருப்பதாகவே தோன்றும். கணக்கு அமைப்புகளில் இந்தக் கணினியில் அஞ்சல்களை வைத்திருக்கும் தேர்வு இடப்பட்டிருந்தால்தான் முழு உடலும் வந்து சேரும். ஒரு நிறுவனத்தை விட்டு விலகும்போது அலுவலகக் கணக்கு மூடப்படுமுன் நகலெடுப்பவர்களுக்கு இந்தத் தேர்வு உயிர்நாடி.

மீட்டெடுக்கும் பக்கத்துக்கு வந்தால், விண்டோஸ் 11 கணினியில் வேலை வியப்பூட்டும் அளவுக்கு எளிதாக முடிந்தது. தண்டர்பேர்டை நிறுவி ஒருமுறை திறந்து, கணக்கு எதையும் சேர்க்காமல் மூடினேன். பிறகு உள்ளே இருந்த புதிய "தண்டர்பேர்டு" கோப்புறையை முழுவதுமாக எடுத்துவிட்டு, என் நகலில் இருந்த அதே பெயர்கொண்ட கோப்புறையை, புரொஃபைல்களின் பட்டியலைச் சொல்லும் "ஐஎன்ஐ" கோப்புகளோடு சேர்த்து, அந்த இடத்தில் வைத்தேன். திறந்ததும் பழைய கணினியில் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த கோப்புறையிலேயே வந்து நின்றது. பட்டியலின் அகலம்கூட மாறவில்லை.

லினக்ஸ் கணினியில் புரொஃபைல் கோப்புறையை மட்டும் எடுத்துச்சென்று, புரொஃபைல் மேலாளர் வழியாகப் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதன் இடமாக என் கோப்புறையைச் சுட்டினேன். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போவதற்கு எந்த மாற்றுக் கருவியும் தேவைப்படவில்லை. கணக்குகளின் இடம் புரொஃபைலுக்குள்ளேயே இருந்தால் அந்தப் பாதையைப் புரொஃபைல் கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்புநிலையிலும் தண்டர்பேர்டு குறித்துவைத்திருப்பதால் இது நடக்கிறது. ஆனால் இடம் போதவில்லை என்று உள்ளகக் கோப்புறைகளை வேறொரு தட்டுக்கு மாற்றி அமைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: புரொஃபைலை நகலெடுத்தால் அந்த வெளி அஞ்சல் அதனோடு வராது. கணக்கு அமைப்புகளில் ஒவ்வொரு கணக்குக்கும் உள்ள சேமிப்பிடத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

பதிப்பு எண்ணும் ஒரு பொறி. புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கச் சொல்லும். இது தரவைக் கெடுக்காமல் காப்பதற்கான தடுப்பு. ஆனால் அந்த நேரத்தில் பார்ப்பவருக்கு அஞ்சல் எல்லாம் போய்விட்டதைப் போன்ற அச்சத்தைத் தரும். 2025 மார்ச் முதல் தண்டர்பேர்டின் இயல்பான பதிவிறக்கம் மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் பதிப்பாக மாறியிருக்கிறது. சில லினக்ஸ் வகைகளோ நீண்டகால ஆதரவுப் பதிப்பையே தருகின்றன. எனவே பழைய கணினியில் இருந்த பதிப்பு எண்ணைத் துடைப்பதற்கு முன் குறித்துக்கொண்டு, அதற்குச் சமமான அல்லது அதைவிடப் புதிய பதிப்பையே நிறுவ வேண்டும்.

கடவுச்சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டர்பேர்டு அவற்றை இரண்டு கோப்புகளாக வைக்கிறது: "லாகின்ஸ்" என்ற கோப்பில், படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொற்கள், "கீ4" என்ற கோப்பில் அவற்றைத் திறக்கும் சாவி. இரண்டும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் பயனில்லை. இயங்குதளத்தின் பயனர் கணக்கோடு கட்டிப்போடாமல் சாவியைத் தன்னிடமே வைத்திருப்பதால்தான் புதிய கணினியில் ஒரு கடவுச்சொல்லைக்கூட நான் மறுபடி தட்டச்சு செய்ய நேரவில்லை. இந்த வசதியின் மறுபக்கம் அவ்வளவு இனிமையானதில்லை. பூட்டும் சாவியும் ஒரே பையில் இருப்பதால், உங்கள் காப்பு நகல் யார் கையில் கிடைத்தாலும் அவர் அதைத் தன் கணினியில் திறந்து, கடவுச்சொற்களைப் படித்து, உங்கள் பெயரில் அஞ்சலும் அனுப்பலாம். அமைப்புகளில் "முதன்மைக் கடவுச்சொல்" ஒன்றை வைத்தால் அந்தச் சாவிக்கு ஒரு பூட்டு விழும். ஆனால் அஞ்சல்கள் அப்போதும் வெறும் உரையாகவே இருக்கும். ஆகவே நகலை மறையாக்கம் செய்த தட்டில் வைப்பது, அல்லது 7-ஜிப் போன்ற மென்பொருளால் கடவுச்சொல்லிட்டுச் சுருட்டி வைப்பது அவசியம். பழைய பென் டிரைவை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறப்பவர்களின் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

ஜிமெயில், அவுட்லுக்.காம் போன்ற பெரிய சேவைகள் இப்போது அஞ்சல் மென்பொருளிடம் வெறும் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியிலும், மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரிலும் அந்தப் பழைய வழியை மூடின. அதற்குப் பதிலாக ஒருமுறை இணையப் பக்கத்தில் உள்நுழைந்து பெறும் அனுமதிச் சீட்டு ஒன்றை மென்பொருள் வைத்துக்கொள்கிறது. புரொஃபைலோடு அந்தச் சீட்டும் வந்துவிடும். சேவை அதை ஏற்காவிட்டால் உள்நுழைவுச் சாளரம் திறக்கும். அந்த நேரத்தில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான கைபேசி அருகில் இருக்க வேண்டும், அதன் மீட்புக் குறியீடுகள் துடைக்கப்போகும் கணினியிலேயே சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது.

பாப் பயனர்களுக்கு இன்னொன்று. அஞ்சல் கோப்புகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் புதிய கணக்கில் போட்டால், சர்வரில் விட்டுவைக்கப்பட்ட அஞ்சல்கள் அத்தனையும் மறுபடி இறங்கி, ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக நிற்கும். எவையெல்லாம் ஏற்கெனவே இறக்கப்பட்டன என்ற கணக்கை "பாப்ஸ்டேட்" என்ற சிறு கோப்பு வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டதுதான் காரணம். முழுப் புரொஃபைலையும் எடுப்பவருக்கு இந்தக் கவலையே எழாது. முகவரிப் புத்தகம், நாட்காட்டி, வடிகட்டி விதிகள் ஆகியவையும் அதே கோப்புறையில் இருப்பதால் அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அஞ்சலை மறையாக்கம் செய்து அனுப்புகிறவர்கள், 2020-இன் 78-ஆம் பதிப்பு முதல், ஓப்பன்பிஜிபி என்ற மறையாக்க முறையின் சாவிகளும் புரொஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்தத் தனிச்சாவியை இழந்தால் பழைய மறையாக்க அஞ்சல்கள் கையில் இருந்தும் படிக்க முடியாதவை ஆகிவிடும். சாவியைத் தனியாகவும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வது முறை.

ஒப்பீட்டுக்காக, மைக்ரோசாஃப்டின் பழைய மேசைக்கணினி அவுட்லுக்கை எடுத்துக்கொள்ளலாம். அஞ்சலைச் சேமிக்கும் அதன் பிஎஸ்டி கோப்பு ஒரே கோப்பாக இருப்பதால் நகலெடுக்க எளிது. அவுட்லுக் 2010 முதல் அது 50 ஜிபி வரை இயல்பாக வளரலாம். ஆனால் 2013 முதல் ஐமேப் கணக்குகளுக்கு அது ஓஎஸ்டி என்ற தற்காலிகக் கோப்பையே பயன்படுத்துகிறது. அதை எடுத்துச்சென்று வேறு கணினியில் அப்படியே திறக்க முடியாது. பெயரில் ஓரெழுத்து வேறுபாட்டைக் கவனிக்காமல் ஓஎஸ்டியைப் பத்திரப்படுத்துபவர் சாவி இல்லாத பெட்டியைச் சுமக்கிறார். கையொப்பங்கள் வேறொரு மறைவுக் கோப்புறையில் இருக்கின்றன. கணக்கு அமைப்புகளும் கடவுச்சொற்களும் பிஎஸ்டியில் வருவதில்லை. நிறுவனச் சர்வரோடு இணைந்து வேலை செய்பவருக்கு அவுட்லுக்கில் வேறு நன்மைகள் இருக்கலாம். மறுநிறுவல் நாளில் மட்டும் அது நான்கு இடத்தில் குனிந்து பொறுக்க வைக்கிறது.

விண்டோஸ் தரும் "என் கோப்புகளை வைத்திரு" என்ற மீட்டமைப்புத் தேர்வை நம்பி நகலெடுக்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தேர்வு உங்கள் ஆவணங்களையும் படங்களையும் வைத்திருக்கும். நிறுவிய மென்பொருள்களையும் அவற்றின் அமைப்புகளையும் நீக்கிவிடும். அஞ்சல் இருக்கும் ஆப்டேட்டா அந்த நீக்கத்தின் பக்கம் நிற்பது. தட்டை ஃபார்மட் செய்யாமல் மேலேயே நிறுவியவர்களுக்கு ஒரு சிறு வாய்ப்பு உண்டு: பழைய கோப்புகள் "விண்டோஸ்.ஓல்டு" என்ற கோப்புறையில் கிடக்கும், அதற்குள் பழைய பயனர் பெயரின் கீழ் ஆப்டேட்டாவும் இருக்கும். பத்து நாளில் இயங்குதளம் அதைத் தானாக அழித்துவிடும்; ஆகவே அஞ்சலைக் காணோம் என்று தெரிந்த அன்றே அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

மறுநிறுவலின் அளவுகோலில் மட்டும் மதிப்பெண் இட்டால், தண்டர்பேர்டுக்குப் பத்தில் எட்டு தருவேன். ஒன்றைக் குறைத்தது 2 ஜிபியில் நின்றுவிடும் ஏற்றுமதிக்காக. இன்னொன்றைக் குறைத்தது, முதன்மைக் கடவுச்சொல் வைக்கும்படி முதல்நாளே பயனரைக் கேட்காமல் விடுவதற்காக. மறைவுக் கோப்புறையில் வைப்பதற்காகக் குறைக்கவில்லை, அது இயங்குதளங்களின் பொது வழக்கம். கணக்கு ஒன்றே ஒன்று, அதுவும் ஐமேப், உள்ளகக் கோப்புறையில் எதுவும் இல்லை என்பவருக்கு இந்த மதிப்புரையில் பாதி தேவையில்லை. அவர் கணக்கை மறுபடி இணைத்துவிட்டுப் போகலாம். பாப் வைத்திருப்பவர், பல கணக்கு வைத்திருப்பவர், பத்தாண்டுக்கு மேல் அஞ்சல் சேர்த்திருப்பவர் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

மீட்டெடுத்த புரொஃபைலை முதன்முறை திறந்தபின், தேடல் அட்டவணையைக் கட்டி முடிக்கும் வரைக்கும் கணினி சற்று மந்தமாக இருக்கும்; என் 14 ஜிபிக்கு அது ஓரிரவு எடுத்துக்கொண்டது. அந்த இரவில் தேடிப் பார்த்துவிட்டு, பழைய அஞ்சல் வரவில்லை என்று முடிவுகட்டி நகலை மறுபடி மேலே எழுதிவிட வேண்டாம். நான் வெளித்தட்டிலிருக்கும் நகலை இன்னும் அழிக்கவில்லை. அனுப்பிய அஞ்சல் கோப்புறையை ஆண்டுவாரியாகத் திறந்து பார்த்துக்கொண்டு வருகிறேன், இப்போதைக்கு 2016 வரை வந்திருக்கிறேன்.